வேலூர் உப்புத் தண்ணீருக்கு டிஷ்வாஷர் தாங்குமா? எதைப் பார்த்து வாங்குவது?

சத்துவாச்சாரி மாடிவீடு:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு டிஷ்வாஷர் வாங்கலாம் என்று இருக்கிறோம். மொத்தம் ஐந்து பேர். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். மாமியாருக்கு முட்டி வலி, சிங்க் முன்னால் அரை மணி நேரம் நிற்க முடியவில்லை. கடையில் விசாரித்தால் 8 செட்டா 13 செட்டா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு சேல்ஸ்மேனும் ஒரு கம்பெனி பெயரைச் சொல்கிறார். வாங்கி உபயோகிக்கிறவர்கள் எந்த மாடல் நல்லது என்று சொன்னால் போதும்.

எங்கள் நிலவரம்: போர் தண்ணீர்தான். டிடிஎஸ் மீட்டரில் 1400 காட்டுகிறது. குடியிருப்பது முதல் மாடி, தலைக்கு மேலேயே மொட்டை மாடியில் டேங்க். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அசைவம். பட்ஜெட் 45,000.

ஸ்டுட்கார்ட் வேலூரான்:
எதை வாங்கினாலும் ஒன்றுதான் மேடம். இங்கே ஜெர்மனியில் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. மாத்திரையைப் போட்டு, கதவை மூடி, பட்டனைத் தட்டினால் முடிந்தது. 13 செட் எடுத்துக்கொள்ளுங்கள், விருந்தாளி வந்தாலும் சமாளிக்கலாம். ரொம்ப யோசிக்காதீர்கள்.

பாகாயம் ரிடயர்டு:
தம்பி, ஸ்டுட்கார்ட்டில் யோசிக்காமல் வாங்கலாம். பாலாற்றுப் பக்கத்தில் அது நடக்காது.

மேடம், மாடலைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு: 1400 டிடிஎஸ், தலைக்கு மேலேயே டேங்க். கடைக்காரர் இந்த இரண்டையும் கேட்டிருக்க மாட்டார்.

முதலில் தண்ணீர். டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். அதில் சாதாரண உப்பும் இருக்கும், சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். டிஷ்வாஷருக்குப் பகை கால்சியமும் மக்னீசியமும். அவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் கடினத்தன்மை. அவைதான் ஹீட்டரில் படிந்து, கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலமாக நிற்கும். சோப்பின் வேலையையும் பாதியாகக் குறைக்கும். அதனால் தண்ணீரைக் கொடுத்து மொத்தக் கடினத்தன்மை மட்டும் எவ்வளவு என்று பார்த்து வாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சின்ன கிட்டும் விற்கிறது. அதுவே இதற்குப் போதும்.

பெரும்பாலான மெஷின்களுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் ஒன்று இருக்கும். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும். பிடிக்க இடமில்லாமல் ரெசின் நிறைந்ததும், நாம் போட்டு வைக்கும் உப்பின் கரைசல் அதைக் கழுவிப் பழையபடி ஆக்கும். அதற்குத்தான் டிஷ்வாஷர் உப்பு. இந்த அமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பல கம்பெனிக் கையேடுகளில் அது ஜெர்மன் டிகிரியில் 50 வரை என்று போட்டிருக்கும். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். ஆக 50 டிகிரி சுமார் 890 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்தால் மெஷினே பார்த்துக்கொள்ளும். தாண்டினால் வெளியே தனியாக சாஃப்ட்னர் (தண்ணீரை மென்மையாக்கும் கருவி) வைக்க வேண்டும், இல்லை வேறு தண்ணீர் பார்க்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுக்கலாம் என்று இருக்கிறது. நம் ஊர் போர்கள் சில அந்த 600-ஐயும் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் "உள்ளே சாஃப்ட்னர் இருக்கிறதா, எவ்வளவு கடினத்தன்மை வரை தாங்கும்" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் "எல்லாத் தண்ணீருக்கும் ஓடும் மேடம்" என்று சொன்னால் கையேட்டைக் கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள்.

ஆம்பூர் பாய்:
ரிடயர்டு சார் சொன்னதோடு எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சேர்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பே வந்தது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, ஊற வைத்த தண்ணீரோடு மண்ணில் இறங்கும். அதனால் எங்கள் பக்கம் டிடிஎஸ் ஏறுவதில் சாதாரண உப்பின் பங்கு நிறைய. அதை மெஷினில் இருக்கும் ரெசின் எடுக்காது. கடினத்தன்மை குறைவாக வந்தாலும் பாத்திரம் காய்ந்த பிறகு லேசாகப் புள்ளி நிற்கும். துணியால் துடைத்தால் போய்விடும். சுண்ணாம்புப் படலம் அப்படிப் போகாது, தேய்த்தாலும் நிற்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இது எளிய வழி.

உப்பு அதிகமான தண்ணீர் என்றால் பாத்திரத்தை ஈரத்தோடு இரவு முழுக்க உள்ளே விடாதீர்கள். எவர்சில்வரிலும் பொடிப்பொடியாகத் துருப்புள்ளி விழும். கழுவி முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஆவி போய்விடும். தானாகக் கதவு திறக்கும் மாடல்களும் இருக்கின்றன.

இன்னொன்று, பிரியாணி டேக்சாவை மறந்துவிடுங்கள். எந்த மெஷினிலும் நுழையாது. நுழைந்தாலும் போடக் கூடாது, அலுமினியம் கறுத்துப்போகும்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
அலுமினியம் கறுக்குமா? எங்கள் வீட்டில் குக்கர், களிப்பானை, இட்லிப்பானை எல்லாமே அலுமினியம்தான்!

ஆற்காடு மருமகள்:
அக்கா, அப்படியென்றால் மெஷினைவிட முதலில் உங்கள் பாத்திர அலமாரியைப் பாருங்கள். டிஷ்வாஷர் சோப்பில் காரம் அதிகம். அலுமினியம் மங்கிக் கறுத்துவிடும், ஹார்ட் அனோடைஸ்டு குக்கரும் அப்படித்தான். இரும்பு தோசைக்கல்லைப் போட்டால் பழகிய எண்ணெய்ப் பதம் முழுக்கப் போய் அடுத்த தோசை ஒட்டும், துருவும் பிடிக்கும். பித்தளை, செம்பு, வெள்ளி, மரக்கரண்டி, மண்சட்டி, கல்சட்டி எதுவும் வேண்டாம். நான்ஸ்டிக்கில் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தாலும் நான் போடுவதில்லை, பூச்சு சீக்கிரம் போகிறது. மிக்ஸி ஜாரின் அடியில் சுழலும் பகுதிக்குள் சூடான சோப்புத் தண்ணீர் போனால் கிரீஸ் கரைந்து கீச்சிடும். ஜாரைக் கையிலேயே கழுவுங்கள், மூடியை மட்டும் மெஷினில் போடலாம்.

நன்றாக வருவது: எவர்சில்வர் தட்டு, டம்ளர், டபரா, கிண்ணம், கரண்டி, ஸ்டீல் குக்கர் (கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு), ஸ்டீல் கடாய், பீங்கான், கண்ணாடி, குழந்தைகளின் ஸ்டீல் டிபன் பாக்ஸ். எங்கள் வீட்டில் பாத்திரத்தின் எண்ணிக்கையில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும். சிங்க்கில் மலை மாதிரி குவிவதும் இவைதானே. கையில் கழுவ வேண்டிய மீதி நாலைந்து உருப்படிக்குப் பத்து நிமிஷம் போதும்.

செட் கணக்கை நம்பாதீர்கள். ஒரு செட் என்றால் ஐரோப்பிய மேஜையில் ஒருவருக்கு வைக்கும் தட்டு, சாசர், கப், கத்தி, முள்கரண்டி. எல்லாம் தட்டையாக ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். நம் குண்டானும் கடாயும் கவிழ்த்து வைத்தாலே கீழ்த்தட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஐந்து பேருக்கு 8 செட் மேஜை மாடல் போதாது. காலைப் பாத்திரத்துக்கு ஒரு முறை, ராத்திரிக்கு ஒரு முறை ஓட்ட வேண்டிவரும். 13, 14 செட் எடுங்கள். மேல்தட்டை ஏற்றி இறக்க முடிகிறதா, கீழ்த்தட்டின் கம்பிகள் மடங்குகிறதா என்று பாருங்கள். வாங்கும் முன் உங்கள் வீட்டில் தினம் புழங்கும் பெரிய ஸ்டீல் பாத்திரம் ஒன்றைக் கடைக்கே எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

குடியாத்தம் கைத்தறி:
45,000 ரூபாய் மெஷின், அதற்கு மாத்திரை, உப்பு, பளபளப்புத் திரவம், தனி பாயிண்ட், பிளம்பர். கடைசியில் களிப்பானையும் குக்கரும் கையில்தான். இன்னாத்துக்கு இந்தப் பாடு? பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அக்கா வந்து கழுவிக் கொடுத்தால் அவர்கள் குடும்பத்துக்கும் வருமானம். மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் நிறுத்துவது அவர்கள் சம்பளத்தைத்தான்.

காட்பாடி சோலார்:
அண்ணா, எங்கள் வீட்டில் அக்கா இன்னும் வருகிறார்கள், அதே சம்பளம். பாத்திரத்துக்குப் பதில் காய் நறுக்கித் தருகிறார்கள். பனியில் பச்சைத் தண்ணீரில் கை வைத்துக் கை வெடித்துப்போவது நின்றது என்று அவர்களே சொன்னார்கள். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

குடியாத்தம் கைத்தறி:
நடக்காது என்பதுதான் என் கவலையும்.

காட்பாடி சோலார்:
சரி, கரண்ட் விஷயம் யாரும் சொல்லவில்லை. தண்ணீரைச் சூடாக்குவதில்தான் மின்சாரம் போகிறது. ஈக்கோ ஓட்டத்தில் 50 டிகிரி சூடு, மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், செலவு கிட்டத்தட்ட ஒரு யூனிட். கடாய்க்கான 70 டிகிரி ஓட்டத்தில் ஒன்றரை யூனிட் வரை போகலாம். நேரம் அதிகம் என்பதால் ஈக்கோவில் கரண்ட் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. சூடு குறைவு, ஊறும் நேரம் அதிகம், சோப்பில் இருக்கும் நொதிகள் மெதுவாக வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது.

தினம் ஒரு ஓட்டம் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 60 யூனிட் கூடும். நம் மின் கட்டணம் அடுக்கு அடுக்காக ஏறும். 500-க்குள் இருந்தால் கீழ் அடுக்குகளில் சலுகை அதிகம். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை குறையும், பில் ஒரே தாவாகத் தாவும். ஏசி ஓடும் கோடை பில்லில் நீங்கள் 460, 480-இல் நிற்கிறீர்கள் என்றால் இந்த 60 உங்களைத் தள்ளிவிடும். பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். மாடியில் சோலார் இருந்தால் மதியம் ஓட்டுங்கள்.

ஹீட்டர் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்ட், ஒழுங்கான எர்த், முடிந்தால் தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). மிக்ஸி போடும் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டாதீர்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. நடுவில் கரண்ட் போனால் பயமில்லை, பெரும்பாலான மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கஸ்பா பிளம்பர்:
சார்மாருங்க எல்லாம் பேசிட்டீங்க, பிரஷர் பத்தி ரிடயர்டு சார் ஆரம்பிச்சு அப்படியே விட்டுட்டார். நான் சொல்றேன்.

டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் பிரஷர். பிரஷரை பார் என்ற அளவில் சொல்வார்கள், 10 மீட்டர் உயரம் என்றால் சுமார் ஒரு பார். பல மெஷினுக்குக் குறைந்தது 0.5 பார் கேட்பார்கள், அதாவது மெஷினுக்கும் டேங்க் தண்ணீருக்கும் நடுவில் 5 மீட்டர். மேடம் வீட்டில் மொட்டை மாடியில் டேங்க், அதற்கு நேர் கீழே சமையல்கட்டு. மூன்று, மூன்றரை மீட்டர் வந்தால் அதிகம். தண்ணீர் மெதுவாக ஏறும், மெஷின் "தண்ணீர் வரவில்லை" என்று சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்து "மெஷின் நல்லா இருக்கு" என்று சொல்லிப் போய்விடுவார். இந்த மாதிரி வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

0.3 பாரில் ஓடும் மாடலும் இருக்கிறது, கையேட்டில் எழுதியிருக்கும். இல்லை என்றால் டேங்க்குக்கு ஸ்டாண்ட் போட்டு உயர்த்தலாம், அல்லது லைனில் சின்ன பூஸ்டர் பம்ப் வைக்கலாம். சிங்க் பைப்பை முழுசாகத் திறந்து 10 லிட்டர் பக்கெட்டை வையுங்கள். ஒரு நிமிஷத்தில் நிறைந்தால் தைரியமாக இருக்கலாம். நிறையவில்லை என்றால் வாங்கும் முன் என்னைப் போல ஒருத்தரைக் கூப்பிடுங்கள், வாங்கின பிறகு கூப்பிட்டால் செலவு கூடும்.

தண்ணீர் உள்ளே வரும் பைப்பில் ஒரு வடிகட்டி வையுங்கள். நம் போரில் மணல், துரு, பாசி எல்லாம் வரும். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயைத் தரையில் சும்மா போடக் கூடாது, ஒரு முறை உயர்த்தி வளைத்துத்தான் வடிகாலில் விட வேண்டும். இல்லை என்றால் சாக்கடைத் தண்ணீர் திரும்பி உள்ளே வரும், நாத்தம் தாங்காது.

பாகாயம் ரிடயர்டு:
பிளம்பர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மேல் வீட்டுக்காரர்களுக்குத்தான்.

வாலாஜா வாத்தியார்:
குறுக்கே ஒரு சேதி. இந்த மெஷினை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1886-இல் காப்புரிமை வாங்கி, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார். முதலில் வாங்கியது ஹோட்டல்கள்தான். வீடுகளுக்கு வர வெகுகாலம் ஆனது. அதற்கும் ஒரு காரணம், வீட்டுக் குழாயில் போதிய வெந்நீர் இல்லை. தண்ணீர்ப் பிரச்சினை நமக்கு மட்டும் புதிதல்ல.

சத்துவாச்சாரி மாடிவீடு:
இரண்டு பரிசோதனையும் செய்துவிட்டேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பக்கெட் ஒரு நிமிஷத்தில் பாதிதான் நிறைந்தது. அப்புறம் மாமியாருக்கு இரண்டு சந்தேகம். உப்புப் போட்டுக் கழுவினால் பாத்திரம் கரிக்காதா? மீன் குழம்புச் சட்டியையும் பால் டம்ளரையும் ஒன்றாகப் போட்டால் வாடை ஒட்டாதா?

பாகாயம் ரிடயர்டு:
480 என்றால் ஜெர்மன் டிகிரியில் 27. மெஷினின் எல்லைக்குள் தாராளமாக வருகிறது, வெளி சாஃப்ட்னர் தேவையில்லை. ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போது கடினத்தன்மை அளவை நடுவில் எங்காவது வைத்திருப்பார்கள். நீங்களே 27-க்கு உரிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். மாட்ட வரும் ஆளிடம் ரிப்போர்ட்டைக் காட்டி உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். "மூன்றும் ஒன்றில்" என்று விற்கும் மாத்திரையைப் போட்டால் உப்பு வேண்டாம் என்பார்கள். இந்தக் கடினத்தன்மைக்கு அது எடுபடாது, உப்பு தனியாகப் போட்டே ஆக வேண்டும்.

மாமியாருக்குச் சொல்லுங்கள், உப்புக் கரைசல் ரெசினைக் கழுவிவிட்டு வடிகாலுக்குப் போய்விடும். பாத்திரத்துக்கு வருவது மென்மையான தண்ணீர் மட்டும். சமையல் தூளுப்பைப் போடாதீர்கள், கட்டி பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்திருக்கும் பொருட்கள் அடைத்துக்கொள்ளும். முதல் முறை உப்புத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு உப்பைப் போட வேண்டும். போட்ட உடனே ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள், சிந்திய உப்பு உள்ளே கிடந்தால் ஸ்டீலை அரிக்கும்.

ஆற்காடு மருமகள்:
மீன் வாடைக்கு நான் பதில். மீன், கறி சமைத்த அன்று 65, 70 டிகிரி ஓட்டம் போடுங்கள். ஆட்டுக் கொழுப்பு குறைந்த சூட்டில் கரைந்தாலும் ஆறியதும் வடிகட்டியில் உறைந்து நிற்கும். வாடை வருவது அங்கிருந்துதான். அடியில் இருக்கும் வடிகட்டியை வாரம் ஒரு முறை கழற்றிப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். முள், கறிவேப்பிலை, புளிச்சக்கை, எலும்புத்துண்டு எல்லாவற்றையும் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரத்தை வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி வைக்கத் தேவையில்லை, அப்படிச் செய்வதானால் மெஷின் எதற்கு. காய்ந்து ஒட்டிய சோறும் களியும் மட்டும் ஊற வைக்காமல் போகாது.

மஞ்சள் கறை பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் மெஷினில் போகாது. வெயிலில் காய வையுங்கள். நம் ஊர் வெயில் அந்த ஒரு வேலையாவது செய்யட்டும்.

சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டி எங்கள் வீட்டிலும் இருக்கிறார். அவர் தட்டும் டம்ளரும் தனியாகக் கையில்தான் கழுவுகிறோம். அதில் நான் வாதாடுவதில்லை.

கஸ்பா பிளம்பர்:
பக்கெட் பாதிதான் என்றால் மேடம், ஒரு யோசனை. உங்கள் வீட்டுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதா? வந்தால் 200 லிட்டர் சின்ன டேங்க் ஒன்று, இரும்பு ஸ்டாண்ட் போட்டு உயரத்தில் வைத்து, அந்தத் தண்ணீரை ஏற்றி டிஷ்வாஷருக்கு மட்டும் தனி லைன் விடலாம். ஒரு ஓட்டத்துக்குப் பத்து லிட்டர் சுமார்தான் குடிக்கும், ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கும் குறைவு. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கும் அது தாங்கும். பிரஷரும் சரியாகும், உப்புச் செலவும் குறையும்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
காவிரித் தண்ணீர் வருகிறது, ஆனால் கீழே சம்ப்பில்தான் விழும். மோட்டார் போட்டு இரண்டு டேங்க்குக்கும் மாற்றி மாற்றி ஏற்ற முடியுமா?

கஸ்பா பிளம்பர்:
சம்ப்பில் போர் தண்ணீரும் கலக்கிறதா, தனியா? கலந்தால் பிரயோஜனமில்லை. தனி என்றால் மேலே ஒரு வால்வு போட்டுத் திருப்பிவிடலாம், ரெண்டு மணி நேர வேலை. ஸ்டாண்ட் போடும்போது டேங்க்குக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும். மெஷினுக்குப் பின்னால் சுவரில் குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி இரும்பு வலை அடிக்கச் சொல்லுங்கள். எலி அந்த ரப்பர் குழாயைத்தான் முதலில் கடிக்கும், பல கம்பெனிகளில் எலிக் கடி வாரண்டியில் வராது.

ஆம்பூர் பாய்:
கம்பெனி பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லை என்று மேடம் நினைக்கலாம். பாஷ், ஐஎஃப்பி, எல்ஜி, வோல்டாஸ் பெகோ, ஃபேபர் என்று பல கம்பெனிகள் இருக்கின்றன, உங்கள் பட்ஜெட்டுக்குள் எது வருகிறது என்று பாருங்கள். சாஃப்ட்னர் எல்லை, குறைந்தபட்ச பிரஷர், 70 டிகிரி ஓட்டம், மடங்கும் கம்பி, இந்த நாலும் சரியாக வந்தால் மிச்சம் ஒரு கேள்விதான். சர்வீஸ் ஆள் வேலூரில் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா? கடைக்காரரைக் கேட்காதீர்கள். கம்பெனி வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
சம்ப்பு தனிதான், போர் நேராக மேலே போகிறது. ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டீல் குக்கருக்கும் ஒரு ஸ்டீல் இட்லிப்பானைக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், இன்னும் பதில் வரவில்லை.